அச்சகமும் அந்தரங்கமும்



ஈய எழுத்துகளைக் கொண்டு அச்சடித்த காலத்தில், ஒரு வேலை முடிந்ததும் அச்சுக்கூடத்தில் நிகழ்ந்த ஒரு காரியத்தை இன்று நினைவிற் கொண்டிருப்போர் சிலரே. கோத்து வைத்த எழுத்துகளைக் கழுவி, ஒவ்வொன்றாகப் பிரித்து, அவ்வவற்றிற்குரிய அறைகளில் மீண்டும் இடுவர். 'எழுத்துப் பிரித்தல்' என்பது அதன் பெயர். எழுத்து விலையுயர்ந்த பொருள். ஒரு பக்கத்தைக் கோத்தபடியே வைத்திருந்தால் அடுத்த பக்கத்துக்குக் ககரமும் கிடையாது, கொம்பும் கிடையாது. பிறர் கொடுத்த விடயத்தை மறந்துவிட வேண்டுமென்று அச்சகத்தார் விரதம் பூண்டதில்லை. அதனை நினைவில் வைத்திருத்தற்கு வேண்டிய எழுத்து அவர்களிடம் இருந்ததில்லை. ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய யந்திரசாலை தொடக்கம், காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் இயந்திரம் ஒன்றை மாத்திரம் உடைய சிற்றூர் அச்சகம் ஈறாகப் பெரும்பாலும் இதுவே நியதி. அச்சடித்த தாள் வாடிக்கையாளரிடம் போகும். கையெழுத்துப் பிரதி அதனுடன் திரும்பும். பிழைபட்ட தாள்கள் அடுப்புக்குப் போகும். இரவில் கதவைப் பூட்டினால் காவல் முடிந்தது.

இன்று எழுத்துப் பிரிப்பாரில்லை. பிரிக்க வேண்டிய தேவையுமில்லை. கலியாண அழைப்பிதழ், கடையொன்றின் பற்றுச்சீட்டுப் புத்தகம், பாடசாலையின் தவணைப் பரீட்சை வினாத்தாள், கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் இடாப்பு, மரண அறிவித்தல், அடையாள அட்டைப் படிவம் ஆகிய யாவும் கணினியின் வட்டிலே கோப்புகளாகத் தங்கிவிடுகின்றன. பத்தாண்டுகள் தொழில் நடத்திய சிற்றச்சகம் ஒன்றின் கணினியைத் திறந்து பார்த்தால், அவ்வூரவரின் பெயர், முகவரி, பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதனுள்ளே அடுக்கியிருக்கும். "சென்ற வருடம் அடித்ததையே திகதியை மாற்றித் தாருங்கள்" என்று வாடிக்கையாளர் வந்து நிற்பார் என்பதனால், உரிமையாளர் ஒன்றையும் அழிப்பதில்லை. வியாபார முறையில் அது நியாயமே. ஆயினும், தாம் ஒரு களஞ்சியத்துக்குக் காவலராகிவிட்டதை அவர் உணர்வதில்லை.

சைபர் பாதுகாப்பு என்று இக்காலத்தார் சொல்வது, கணினியையும் கணினியிலுள்ள பொருளையும் களவு, அழிவு, திருத்தம் என்னும் மூன்றினின்றும் காப்பதையே. அது வங்கிகளுக்கும் படைத்துறைக்கும் உரிய விடயமென்று எண்ணுவது வழக்கம். அங்ஙனமாயின், இரண்டு சிற்றச்சகங்களை ஒப்பிட்டு, எது காவலுடையது, எது காவலற்றது என்று சொல்வது எவ்வாறு? இயந்திரம் புதியதா, அறை குளிரூட்டப்பட்டதா, வைரஸ் தடுப்பு மென்பொருள் வாங்கியதற்குப் பற்றுச்சீட்டு உண்டா என்று பார்ப்பவர்கள் பெரும்பாலும் பிழையான அச்சகத்துக்கே முதற் பரிசு கொடுப்பர்.

எடுத்துக்காட்டாக, நம் நாட்டில் எளிதிற் காணக்கூடிய இருவகை அச்சகங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். முதலாவது இரண்டு அறைகளும் ஓர் ஓப்செற் இயந்திரமும் உடையது. அங்கே பக்கம் அமைக்கும் கணினி மிகப் பழையது. அதில் இருப்பது பேஜ்மேக்கர் என்னும் மென்பொருள். 2001இல் வெளிவந்த ஏழாம் பதிப்பே அதன் இறுதிப் பதிப்பு. தமிழ் எழுத்து, பாமினி எழுத்துரு. இருபது ஆண்டுக் கோப்புகள் யாவும் அவ்வெழுத்துருவிலும் அம்மென்பொருளிலும் இருப்பதால், அந்தக் கணினியை அவர் கைவிட இயலாது. அதனை இயக்கும் விண்டோஸ் எக்ஸ்பி முறைமைக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2014 ஏப்பிரிலில் நிறுத்திவிட்டது. இரண்டாவது அச்சகம் வீதியோரத்தில் கண்ணாடி முகப்புடன் நிற்பது. தகடு வெட்டும் புதிய இயந்திரம், வர்ண டிஜிற்றல் இயந்திரம், ஒரே வலையிற் பிணைத்த ஆறு கணினிகள் அங்கே உண்டு.

படித்த ஒருவர் இரண்டையும் பார்த்துவிட்டு முதலாவதைத்தான் ஏளனம் செய்வார். ஆனால், அந்தப் பழைய கணினிக்கு இணைய இணைப்பே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அது உள்வீட்டில் இருக்கும் முதியவரைப் போன்றது. நோயெதிர்க்கும் வலிமை குறைவு, எனினும் தெருவுக்குப் போவதில்லை. கண்ணாடி முகப்புள்ள அச்சகத்தின் ஆறு கணினிகளுக்கும் ஒரே கடவுச்சொல். அதுவும் திரையின் ஓரத்தில் துண்டுக் கடதாசியில் ஒட்டப்பட்டிருக்கும். இணைய இணைப்புப் பெட்டியின் கடவுச்சொல்லோ தொழிற்சாலையில் இட்டபடியே இருக்கும். இயந்திரத்தைத் திருத்தும் தொழில்நுட்பவியலாளர் கொழும்பிலிருந்தவாறே பார்ப்பதற்கென்று திறந்த தொலைவழி, திருத்தம் முடிந்தபின் மூடப்படுவதில்லை. படங்களைச் செப்பனிடும் மென்பொருளும் விலை கொடுத்து வாங்கியதன்று. களவுப் பிரதியை நிறுவும்போது, "முதலில் வைரஸ் தடுப்பை நிறுத்துக" என்று அதனுடன் வரும் குறிப்பே கூறும். வீட்டுக்காரர் நாயைக் கட்டிப்போட்ட பின்னரே உள்ளே வருவேன் என்று சொல்லும் விருந்தாளியைப் பற்றி நாம் என்ன நினைப்போம்? மென்பொருள் விடயத்தில் மட்டும் நாயைக் கட்டிப்போட்டு வரவேற்கிறோம்.

ஆகவே, பழைய கணினியை உடைய அச்சகமே மேலானது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் பொருந்தாது. இணையத்தினின்றும் பிரித்து வைத்த கணினிக்கும் கோப்புகள் எப்படியோ வந்து சேர வேண்டும். அவை பென் டிரைவ் எனப்படும் சிறு நினைவகத்தில் வருகின்றன. 2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெற் என்னும் தீநிரல், ஈரான் நாட்டின் அணுத்துறைக் கணினிகளை அடைந்த வழிகளுள் ஒன்றாக இச்சிறு நினைவகமே கருதப்படுகிறது. வேடிக்கை யாதெனில், ஒரு கணினியினின்றும் மற்றொன்றுக்குத் தாவுவதற்கு அது பயன்படுத்திய குறைகளுள் ஒன்று, விண்டோஸ் முறைமையில் அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் பகுதியில் இருந்தது. அதே பகுதியில் 2021ஆம் ஆண்டிலும் பெரிய குறையொன்று வெளிப்பட, மைக்ரோசொப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. அச்சடிக்கும் வாயிலே கள்வர்க்கும் வாயிலாயிற்று. உள்வீட்டு முதியவர் தெருவுக்குப் போகாவிடினும், தெருவிலிருந்து வருவோர் அவரைத் தொட்டுப் பேசினாற் போதும்.

மூன்றாவதாக, பாடசாலை வாயிலருகே இருக்கும் போட்டோப் பிரதிக் கடையையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். அதை அச்சகமென்று யாரும் சொல்வதில்லை. ஆனால் தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் ஆகியன அங்கேதான் ஒவ்வொரு நாளும் கண்ணாடியின் மீது கவிழ்க்கப்படுகின்றன. வட்ஸ்அப்பில் அனுப்பிய கோப்பு கடைக்காரரின் கைபேசியில் தங்கும். நூறு மாணவரின் பென் டிரைவ் நுழைந்த ஒரே துளையில் நூற்றோராவது மாணவரின் பென் டிரைவும் நுழையும். ஒன்றிலிருந்த நோய் யாவற்றையும் தொற்றும். இதற்கும் அப்பால் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. அலுவலகங்களுக்கென்று ஆக்கப்பட்ட டிஜிற்றல் பிரதி இயந்திரங்கள் பலவற்றினுள்ளே கணினியில் உள்ளது போன்ற வட்டு ஒன்று இருக்கிறது. எடுத்த பிரதிகளின் சாயல் அதிலே பதிந்து கிடக்கக்கூடும். 2010இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ், பழைய பிரதி இயந்திரங்கள் சிலவற்றை விலைக்கு வாங்கி, வட்டுகளைக் கழற்றிப் பார்த்தது. பொலிஸ் பதிவுகளும் நோயாளர் விவரங்களும் அவற்றில் இருந்தன. வாடகை முடிந்து இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்த அபினிற்றி என்னும் சுகாதாரக் காப்புறுதி நிறுவனம், வட்டைத் துடைக்காது கொடுத்த குற்றத்துக்காக 2013இல் 12 இலட்சம் டொலருக்கு மேல் செலுத்தியது. பழைய பிரதி இயந்திரங்கள் கைமாறும் எந்த ஊருக்கும் இச்செய்தி உரியது. வாங்குபவர் தாள் எண்ணியைப் பார்த்து விலை பேசுகிறார். விற்பவர் வட்டைப் பார்ப்பதேயில்லை.

இதுவரை சொன்னவை சிறியன. இனி, பெயரும் முகவரியும் வேறுபட ஆயிரக்கணக்கான கடிதங்களை அடித்து, உறையிலிட்டு, தபாலிற் சேர்க்கும் அச்சகங்களைக் கவனிப்போம். வங்கிக் கணக்கறிக்கை, காப்புறுதிக் கடிதம், வரி அறிவித்தல் ஆகியவற்றை அடிப்போர் இவர்கள். இவர்களிடம் காவலர் உண்டு, கமரா உண்டு, கணினித் துறையில் தேர்ந்த அலுவலரும் உண்டு. சிற்றச்சகத்தோடு ஒப்பிட்டால் காவல் நூறு மடங்கு. எனினும் வீழ்ந்தவர்கள் இவர்களிலும் உளர்.

2022 ஏப்பிரிலில், ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தைச் சேர்ந்த வன்ரச்பொயின்ற் என்னும் அச்சு, தபாற் சேவை நிறுவனத்தின் கணினிகளைக் கப்பங் கேட்கும் தீநிரல் பூட்டியது. அதாவது, கோப்புகளைத் திறக்க முடியாதவாறு குறியீடாக்கிவிட்டுப் பணம் தந்தாற் சாவி தருவோம் என்று மிரட்டும் தீநிரல். அந்நிறுவனத்திடம் கடிதம் அடிப்பித்த முப்பதுக்கு மேற்பட்ட சுகாதாரக் காப்புறுதியாளரின் அங்கத்தவர் விவரங்கள் அதில் அகப்பட்டன. 2025 ஏப்பிரிலில் சிங்கப்பூரில் ரொப்பன் நெக்ஸ்ற் ரெக் என்னும் அச்சு நிறுவனம் இதே வகைத் தாக்குதலுக்கு ஆளாயிற்று. டிபிஎஸ் வங்கியின் வாடிக்கையாளர் ஏறத்தாழ 8,200 பேரும், சீன வங்கியின் சிங்கப்பூர்க் கிளை வாடிக்கையாளர் ஏறத்தாழ 3,000 பேரும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. வங்கியின் சொந்தக் கணினிகளை எவரும் தீண்டவில்லை. இரும்புப் பெட்டகம் பூட்டியே இருந்தது. பெட்டகத்திலுள்ளவற்றின் பட்டியல் அச்சகத்தில் இருந்தது.

இவற்றினும் பாடம் மிகுந்தது யப்பான் தேசத்து நிகழ்ச்சி. கியோத்தோவைத் தலைமையிடமாகக் கொண்ட இசெத்தோ என்னும் நிறுவனம், நகரசபைகளுக்கும் மாகாணங்களுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அறிவித்தல்களை அடித்து அனுப்புவது. 2024 மே மாதம் 26ஆந் திகதி அதன் கணினிகள் கப்பத் தீநிரலால் தாக்கப்பட்டன. பின்னர், களவு போனவற்றை எண்ணியபோது ஏறத்தாழ 15 இலட்சம் பேரின் விவரங்கள் என்று தெரிந்தது. இதிலே அதிர்ச்சியளித்தது தொகையன்று. தோக்குஷிமா மாகாணத்தாரின் வாகன வரி விவரங்கள் போன்றவை, வேலை முடிந்தபின் அழிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தவை. அவை அழிக்கப்படவில்லை. அழிக்கப்பட்டிருந்தால், எவ்வளவு வல்லவனாயினும் கள்வன் இல்லாத பொருளைத் திருடியிருக்க மாட்டான்.

பழைய எழுத்துப் பிரிப்பின் அருமை இங்கே விளங்கும். அச்சகமொன்றின் நிலையை, பூட்டின் தடிப்பைக் கொண்டு மட்டும் அளக்கக்கூடாது. உள்ளே பிறர் பொருள் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு காலமாக இருக்கிறது என்பவற்றோடு பூட்டைச் சேர்த்தே அளக்க வேண்டும். முற்சொன்ன சிற்றச்சகத்தார், சனிக்கிழமை தோறும் முடிந்த வேலைகளைப் பார்த்து, அழைப்பிதழ் அமைப்பை வைத்துக்கொண்டு பெயர்ப் பட்டியலை நீக்கிவிடுவாராயின், அந்த ஒரு செயலில் பல்லாயிரம் ஊழியரை உடைய நிறுவனத்தினும் மேலான இடத்தைப் பெறுவார். அது செலவில்லாதது என்று சொல்லவில்லை, நேரமும் செலவே. அக்காலத்திலும் எழுத்துப் பிரிக்கும் நேரத்துக்குக் கூலி கொடுக்கப்பட்டே வந்தது.

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இந்த நோக்குடையதே. மக்களின் விவரங்களைத் தம் தேவைக்காகத் திரட்டுபவரையும், அவர் சார்பில் அவ்விவரங்களைக் கையாள்பவரையும் அது வேறுபடுத்தி, இருவர்க்கும் கடமைகளை வகுக்கிறது. சங்கத்தின் இடாப்பை அடித்துக் கொடுக்கும் அச்சகம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. "அடித்துக் கொடுத்தேன், வேறொன்றும் அறியேன்" என்பது இனி முழு விடையாகாது.

அழிக்க வேண்டியதை அழித்தல் ஒரு பாதி. அழியக்கூடாததைக் காத்தல் மறுபாதி. இரண்டாவதிலும் பெரியோர் சறுக்கிய வரலாறு நம் நாட்டிலேயே உண்டு. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசின் மேகக் கணினித் தொகுதியைக் கப்பத் தீநிரல் தாக்கியது. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாதவாறு அழிந்தன. அக்காலத்துக்குரிய மாற்றுப் பிரதி இருக்கவில்லை. இதனோடு ஒப்பிட்டால், நூற்றைம்பது பக்க நினைவு மலரின் கோப்பைத் தனி வட்டொன்றிற் பிரதி செய்து, வட்டைக் கணினியினின்றும் கழற்றி, வீட்டுக்குக் கொண்டு செல்லும் சிற்றச்சக உரிமையாளர் எவ்வளவோ மேலானவர். கழற்றுதல் என்பதே இங்கே உயிர். பிரதி வட்டை எந்நேரமும் பொருத்தியே வைத்திருந்தால், கணினியைப் பூட்டும் தீநிரல் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

"எங்கள் சிறிய அச்சகத்தைத் தேடி எந்தக் கள்வன் வரப்போகிறான்?" என்று கேட்போர் பலர். தேடி வருவதில்லை என்பது உண்மையே. கள்வன் ஒவ்வொரு வீடாக வருவதில்லை. உலகிலுள்ள கதவுகள் அனைத்தையும் ஒரே வேளையில் தள்ளிப் பார்க்கும் நிரலொன்றை ஏவிவிடுகிறான். 2017 பெப்ரவரியில் ஒருவர், இணையத்திற்குத் திறந்து கிடந்த அச்சுப் பொறிகளைத் தேடி, ஏறக்குறைய ஒன்றரை இலட்சம் பொறிகளில் எச்சரிக்கைத் தாள் அச்சாகி வெளிவரச் செய்தார். தீங்கு செய்வது அவர் நோக்கமன்று. கதவு திறந்திருக்கிறது என்று அறிவிப்பதே. அதே ஆண்டு மே 12இல் கிளம்பிய வன்னாகிறை என்னும் கப்பத் தீநிரல் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. அது நுழைந்த குறையை அடைக்கும் திருத்தத்தை, அன்று ஆதரவிலிருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு மைக்ரோசொப்ட் மார்ச் மாதத்திலேயே இலவசமாக வெளியிட்டிருந்தது. இரண்டு மாதங்களாக "பின்னர் நினைவூட்டுக" என்று ஒதுக்கியவர்களே பெரிதும் அகப்பட்டனர். விண்டோஸ் பத்தாம் பதிப்பின் வழக்கமான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிவடைந்ததை அச்சகத்தார் குறித்துக்கொள்வது நன்று.

ஒப்பிடுவதற்கு ஒரு பொது அளவுகோல் வேண்டுமாயின், பிரித்தானிய அரசு 2014இல் அறிமுகஞ் செய்த சைபர் எசென்சியல்ஸ் என்னும் திட்டம் சிறு நிறுவனங்களுக்கும் பொருந்தும். அது கேட்பவை ஐந்தே: இணையத்துக்கும் அச்சகத்துக்கும் இடையே தடுப்பு உண்டா, தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் மாற்றப்பட்டனவா, இன்னார்க்கு இன்னதே திறக்கும் என்ற வரம்பு உண்டா, தீநிரற் தடுப்பு இயங்குகிறதா, திருத்தங்கள் உரிய காலத்தில் ஏற்றப்படுகின்றனவா. தனிப்பட்ட விவரங்களைக் கையாளும் சில அரச ஒப்பந்தங்களைப் பெறுவதற்கு இச்சான்றிதழ் தேவையென்று அந்நாட்டரசு அதே ஆண்டில் விதித்தது. நல்ல ஐந்து. ஆனால், வேலை முடிந்த கோப்பு எங்கே என்னும் ஆறாவது கேள்வி அந்த ஐந்தினுள் இல்லை. அச்சகத்தைப் பொறுத்தவரை அதுவே முதற் கேள்வி என்று கொள்ளத் தகும்.

அக்கேள்வியைக் கேட்க வேண்டியவர் யார்? அச்சகத்தார் தாமே கேட்டுக்கொள்வார் என்று எதிர்பார்த்தல் கடினம். கடதாசி விலை ஏறிய காலத்தில், ஒரு தாளுக்குச் சில சதங்களே இலாபம் காண்பவர் அவர். வேலை கொடுப்பவரே கேட்க வேண்டும். தவணைப் பரீட்சை வினாத்தாளுக்கு விலை கோரும் படிவத்தில் தாளின் நிறை, பக்கங்களின் தொகை, பொதியிடும் முறை, கொண்டுவந்து சேர்க்கும் திகதி யாவும் கேட்கப்படுகின்றன. வினாத்தாளின் கோப்பை எந்தக் கணினியில் வைப்பீர், எவர் திறப்பார், என்று அழிப்பீர் என்று கேட்கப்படுவது அரிது. குறைந்த விலை சொன்னவருக்கே வேலை போகிறது. பரீட்சைக்கு முதல்நாள் இரவு ஒரு வினாத்தாள் கைபேசிகளிற் பரவுமாயின், ஆசிரியர் ஓராண்டு கற்பித்ததும் மாணவர் படித்ததும் ஒருசேர ஐயத்துக்குள்ளாகும். அப்பொழுது அச்சகத்தாரைக் குற்றஞ் சாட்டுவதற்கு, அவரிடம் வாங்கிய வாக்குறுதி ஒன்றேனும் கோவையில் இராது.

படிவத்தில் மூன்று வரி கூடுதலாக இருந்தாற் போதும்: கோப்பைக் கையாண்டவர் பெயர், அழித்த திகதி, உரிமையாளர் கையொப்பம். அழித்தல் என்பதும் குப்பைக்கூடைக் குறியில் இடுவதன்று என்பதை அங்கேயே எழுதிவிடலாம். அனுப்பிய மின்னஞ்சலில் ஒன்று, கைபேசியின் வட்ஸ்அப்பில் ஒன்று, டிஜிற்றல் இயந்திரத்தின் வட்டில் ஒன்று, மாற்றுப் பிரதி வட்டில் ஒன்று, பார்வைப் படிக்காக எடுத்துச் சென்ற பென் டிரைவில் ஒன்று என்று ஒரே வினாத்தாள் ஐந்திடங்களில் இருக்கும். வினாத்தாளை அனுப்பிய பாடசாலையின் கணினியிற் கிடப்பது ஆறாவது.